முதுகுத்தண்டு முறிந்த வண்டி

“யாரோ என் வண்டியைக் கொல்லப் பாக்குறாங்க,” என்றான் லஸாத்.

ஷாத்லி அவனை மேலும் கீழும் பார்த்தான். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. தோளைச் சுற்றிப் பட்டை. நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“வண்டியையா? உங்களைப் பாத்தா குறி தப்பி உங்க மேல பட்ட மாதிரியில்ல இருக்கு?”

“ஷாத்லி,” என்றாள் ஜலீலா.

அந்த ஒரு பெயரை அவள் பல விதமாகச் சொல்வாள். இது ‘வாயை மூடு’ விதம். ஷாத்லி மூடிக்கொண்டான்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் காணாமல் போனதையும் ஓடிப் போனவர்களையும் தேடித் தருகிறவள் ஜலீலா கம்மூன். அந்த ஊரில் பெண்களை மரியாதையாக ‘லல்லா’ என்பார்கள், ஆண்களை ‘சி’ என்பார்கள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கணக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தாள். ஷாத்லி அப்போது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் வண்டியில் ஏறி, “முன்னால போற காரை விடாதே” என்றாள். அன்றைக்குப் பின்தொடர ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

லஸாத் சோபாவில் சாய்ந்தபடி மடியில் தட்டை வைத்துக்கொண்டு பாதாம் உடைத்துக்கொண்டிருந்தான். சின்னக் கல்லால் ஒரு தட்டு, விரல் நுனியால் ஒரு நிமிண்டு, பருப்பு தனியே வந்து விழும். வாய் பேசிக்கொண்டேயிருந்தாலும் கைகள் நிற்கவில்லை. ஜலீலா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதாம் மேல் ஆசை போலிருக்கிறது என்று ஷாத்லி நினைத்தான்.

“நான் மக்னி கடைக்கு முட்டை போடுறவன். அன்னிக்கு மோட்டார் பைக்குல சொக்ரா ரோட்டுல போய்க்கிட்டு இருக்கேன். ஒரு வெள்ளை வேன், கை காட்டல, ஹார்ன் இல்ல, அப்படியே குறுக்கே பாஞ்சான். நான் போய்ச் சப்பாத்திக்கள்ளி வேலியில விழுந்து, அதுக்குப் பின்னாலயிருந்த சுவத்துல மோதினேன். பின்னால கட்டியிருந்த முட்டை அத்தனையும் வண்டி மேல ஆம்லெட். வேன்காரன் நிக்கவேயில்ல.”

“போலீஸ்?”

“தேடுறாங்களாம். இன்ஷூரன்ஸ் ஆள் வந்து, இனி உதவாதுன்னு வண்டியைக் கண்டம் பண்ணிட்டுப் போயிட்டான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா நஷ்டஈடு வரும், வண்டி போயிரும். இல்லைன்னா வண்டியை நானே வச்சுக்கிட்டுப் பழுது பாத்துக்கலாம். நான் பழுது பாக்கணும்ங்கிறேன். என் சிவப்பு வண்டியை எனக்குத் தெரியும், லல்லா. அது சாகுற வண்டியில்ல.”

“அப்ப பாத்துக்கோங்க. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

லஸாத் கல்லைத் தட்டில் வைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

“மெக்கானிக் புராவி வந்தான். ‘அதோட முதுகுத்தண்டு போயிருச்சு சி லஸாத், இனி அது படுத்த படுக்கைதான்’னான். சரி, மெக்கானிக் சொல்றான்னு விட்டேன். அப்புறம் என் முதலாளி மக்னி போன்ல பேசினார். அதே வார்த்தை. நேத்து ஹம்தா வந்தான், பழைய இரும்பு வாங்குறவன். நான் அவனைக் கூப்பிடவேயில்ல. இரும்பு விலைக்கு மேலயே தர்றேங்குறான். அவனும் சொல்றான், ‘முதுகுத்தண்டு போயிருச்சு சி லஸாத், இனி அது படுத்த படுக்கைதான்.’ அட்சரம் பிசகல.”

“மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடமோ என்னவோ,” என்றான் ஷாத்லி.

“உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் ஜலீலா.

“ரவ்தாவா? அவ ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரியில நர்ஸு. வேலை முடிஞ்சு வந்தா படுக்கத்தான் நேரம். ‘உன் வண்டி, உன் இஷ்டம்’கிறா.”

ஜலீலா எழுந்தாள். தட்டிலிருந்து ஒரு பருப்பைக்கூட எடுக்கவில்லை.

கீழே காரில் ஏறியதும் ஷாத்லி கையைத் தட்டினான். “லல்லா, இது எனக்குப் பழைய கதை. கண்டமான வண்டியோட பேப்பரையும் நம்பரையும் வாங்கி, திருட்டு வண்டிக்கு மாட்டிவிடுவாங்க. செத்தவன் சட்டையைத் திருடன் போட்டுக்கிட்டு நடக்குற மாதிரி. ஹம்தா அந்தக் கும்பல்தான்.”

“இருக்கலாம். நாம ஒரே ஒரு காரியம் பண்ணுவோம். அந்த வசனத்துக்குப் பின்னாலேயே போவோம். முதல்ல யார் வாயிலேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம்.”

“ஆளைப் பின்தொடர்ந்திருக்கேன், காரைப் பின்தொடர்ந்திருக்கேன். வசனத்தைப் பின்தொடர்றது இதுதான் முதல் தடவை. எந்த கியர்ல போகணும்?”

ஹம்தாவின் கிடங்கு மஹ்தியா ரோட்டில் இருந்தது. நுழைந்ததும் ஷாத்லிக்கு முகம் விழுந்துவிட்டது. துருப்பிடித்த ஃப்ரிட்ஜ்கள், வயிறு கிழிந்த வாஷிங் மெஷின்கள், குளியல் தொட்டிகள். இரண்டு சக்கரம் உள்ள எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு குழந்தை சைக்கிள்கூட இல்லை.

ஹம்தா கழுத்தில் தடித்த பட்டை மாட்டியிருந்தான். யாரைப் பார்ப்பதென்றாலும் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

“முன்னால வந்து நில்லுங்க. ஃப்ரிட்ஜ் மேல விழுந்து கழுத்து போச்சு. பக்கத்துல நின்னா எனக்கு ஆளே தெரியாது.”

“லஸாத் வண்டியை வாங்குறீங்களாமே?” என்றாள் ஜலீலா.

“ஆமா.”

“என்ன நிறம்?”

ஹம்தா உடம்போடு ஷாத்லி பக்கம் திரும்பினான். ஷாத்லி உதவவில்லை. மறுபடி ஜலீலா பக்கம் திரும்பினான்.

“கறுப்பு. இல்ல, நீலம். கருநீலம்.”

“சிவப்பு,” என்றாள் ஜலீலா. “பேப்பர் வேணுமா உங்களுக்கு? நம்பர் பிளேட்டு?”

“பேப்பரா? எதுக்கு? இரும்பைத் தட்டி நிறுத்துப் போடுறவனுக்குப் பேப்பர் எதுக்கு லல்லா?” ஹம்தா நிஜமாகவே குழம்பிப் போனான். திருட்டு வண்டிக்காரன் இந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது தயங்கியிருப்பான் என்று ஷாத்லிக்குத் தோன்றியது. தன் அருமையான கதை கைநழுவிப் போவதில் அவனுக்கு வருத்தம்.

“முதுகுத்தண்டு போயிருச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“அது... மக்னி சொன்னார். முட்டைக்கடை மக்னி.”

மக்னியின் கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஷாத்லி ஜலீலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வேன் நின்றது. வெள்ளை வேன். முன்பக்க மூலை நசுங்கியிருந்தது.

“லல்லா! முதலாளியே இடிச்சுட்டார். இடிச்ச தடயம் வண்டியில இருக்கு. அதனாலதான் வண்டி சீக்கிரமா கிடங்குக்குப் போகணும்.”

“இந்த ஊர்ல முக்கால்வாசி வேன் வெள்ளை. மீதி அழுக்கு வெள்ளை. வா.”

மக்னி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். அந்த எழுந்திருக்கிற விதம் வேடிக்கையாக இருந்தது. முதலில் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார், ஒரு காலை முன்னே நீட்டினார், ஊன்றுகோலைப் பிடித்தார், மூச்சை இழுத்தார், அப்புறம்தான் நிமிர்ந்தார். யாரோ பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரி.

“லஸாத் மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டான்,” என்றார். “கால் குணமாகட்டும். கடைக்குள்ளயே வேலை தர்றேன். வண்டியெல்லாம் வேண்டாம். அதோட முதுகுத்தண்டு போயிருச்சு, இனி அது–”

“படுத்த படுக்கைதான்,” என்று முடித்தான் ஷாத்லி. “பாட்டு மாதிரி மனசுல நின்னுருச்சு, சி மக்னி. உங்க வேனுக்கு என்ன ஆச்சு?”

“அதுவா? என் மச்சினன் கேட்டுல இடிச்சான். போன குளிர்காலத்துல.” நசுங்கிய இடத்தில் துரு பூத்திருந்ததை ஷாத்லி வாசலிலேயே கவனித்திருக்கலாம். அவசரத்தில் விட்டுவிட்டான்.

“வண்டியை நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டாள் ஜலீலா.

“நான் எங்கே போய்ப் பாக்குறது, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு? புராவி சொன்னான்.”

ஆக, புராவி. அவனுடைய பட்டறை சொக்ரா ரோட்டிலேயே இருந்தது. புராவி கறுத்து ஒல்லியாக இருந்தான். வலது மணிக்கட்டு மடங்கவில்லை, உள்ளே கம்பி வைத்திருக்கிறதாம். இடது கையால் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “மூலையில கிடக்கு, பாருங்க” என்றான். அவன் பக்கத்தில் வரவில்லை.

சிவப்பு வண்டி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. முன் சக்கரம் கோணியிருந்தது, விளக்கு தொங்கியது. அதெல்லாம் மோதலில் வந்தது என்று யாருக்கும் தெரியும். சீட்டுக்கு அடியில் இருந்த முக்கியமான குழாய்தான் உள்ளே வாங்கி முறுக்கிக் கிடந்தது. வண்டியைக் கண்டமாக்கியது அதுதான்.

வண்டி முழுக்க முட்டை. டேங்க், சீட்டு, குழாய் எல்லாவற்றிலும் வழிந்து காய்ந்து, மஞ்சள் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“ஷாத்லி, உனக்குச் சமையல் தெரியுமே. வந்து பாரு.”

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். குழாய் நேராக இருந்த இடமெல்லாம் முட்டை வழவழப்பாக ஒட்டியிருந்தது. முறுக்கிய இடத்தில் மட்டும், வெயிலில் வெடித்த வண்டல் மாதிரி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. மடிப்புக்குள்ளே சுத்தமான இரும்பு.

“சுவத்துல மோதினப்ப குழாய் வளைஞ்சிருந்தா, முட்டை அந்த வளைவுக்குள்ளயும் ஓடியிருக்கணும்,” என்றான் மெதுவாக. “இது முட்டை காஞ்சதுக்கு அப்புறம் வளைஞ்சிருக்கு. லல்லா, இதை யாரோ வேணும்னே வளைச்சிருக்காங்க.”

ஜலீலா நிமிர்ந்து புராவியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே துடைத்துப் பளபளத்த ஸ்பானரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

“முதுகுத்தண்டு போயிருச்சுன்னு முதல்ல யார் சொன்னது, சி புராவி?”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“ஹம்தா,” என்றான்.

காருக்குத் திரும்பியதும் ஷாத்லி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். “ஹம்தாவுக்கு மக்னி, மக்னிக்குப் புராவி, புராவிக்கு ஹம்தா. நாம வட்டமா சுத்தி வந்திருக்கோம். அந்த வசனத்துக்கு அப்பன் பேரே இல்ல.”

“அப்பன் இல்லைன்னா அம்மா இருப்பா,” என்றாள் ஜலீலா. “யோசிச்சுப் பாரு. மெக்கானிக்கா இருந்தா சேஸிஸ் போச்சும்பான். இரும்புக்காரன் எடை சொல்லுவான். முட்டைக்காரனுக்கு உடைஞ்சதுன்னா உடைஞ்சதுதான். முதுகுத்தண்டு, படுத்த படுக்கை, இதெல்லாம் யார் பேச்சு? இன்னிக்கு நாம பாத்த மூணு பேருக்கும் பொதுவா என்ன இருந்துச்சு?”

“மூணு பேரும் பொய் சொல்லத் தெரியாதவங்க.”

“அப்புறம்?”

ஷாத்லி யோசித்தான். கழுத்துப் பட்டை. ஊன்றுகோல். மடங்காத மணிக்கட்டு. “மூணு பேருமே எங்கேயோ கழண்டு, திரும்ப மாட்டின ஆளுங்க,” என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “ஆஸ்பத்திரி. எலும்பு வார்டு.”

“வண்டியை எடு.”

“அந்தம்மாவா? ஒண்ணும் சொல்லல, உன் இஷ்டம்னு விட்டுட்டாங்கன்னு லஸாத் சொன்னாரே!” ஷாத்லி வண்டியைக் கிளப்பினான். அந்த வசனத்தைச் சொல்லாத ஒரே ஆள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, புருஷன் படுத்துக் கிடக்கும்போது அவன் வண்டியை உடைக்கச் சொல்லி ஆளை ஏவியிருக்கிறாள். எதற்கு? நஷ்டஈட்டுக்கா? அந்த வெள்ளை வேனை ஓட்டியவன் அவளுக்குத் தெரிந்தவனா? ஆஸ்பத்திரி வரும் வரை அவன் மனதில் ஒரு முழுநீளக் கொலைக்கதையே ஓடி முடிந்துவிட்டது.

ரவ்தா ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தோட்டத்தில், பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை உடை, தடித்த செருப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். எலும்பு வார்டு நர்ஸ் என்று உடையிலேயே எழுதியிருந்தது.

ஜலீலா பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீங்க சொல்லிக் கொடுத்த வசனம் நல்லாத்தான் இருந்துச்சு.”

ரவ்தா மறுக்கவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பிறகு களைத்துப்போன குரலில் சொன்னாள்:

“ஆளுக்கு ஒரு மாதிரியா சொல்லுங்கன்னுதான் கெஞ்சினேன். மூணு பேரும் மனப்பாடம் பண்ணிட்டாங்க.”

“காசுக்காகவா?” என்று கேட்டுவிட்டான் ஷாத்லி.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

“காசா? அது வரும் போகும். எனக்கு அவன் வேணும்.” அவள் ஜலீலா பக்கம் திரும்பினாள். “சொக்ரா ரோட்டுல எந்த வேனும் வரல. நான் போய் விசாரிச்சேன். அந்த வேலிக்கு எதிர்ல ஒரு பொம்பளை கள்ளிப்பழம் விக்கிறா. அவ பாத்திருக்கா. முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல, காலியான ரோடு. என் புருஷன் நேரா வந்தவன், யாரோ கூப்பிட்ட மாதிரி மெதுவா ஓரம் திரும்பி, வேலிக்குள்ள போயிட்டானாம். கண்ணைத் திறந்துக்கிட்டே.”

ஜலீலா தலையாட்டினாள். “கைகள்,” என்றாள்.

“நீங்களும் பாத்துட்டீங்களா?”

“நெத்தி கிழிஞ்சிருக்கு, தோள் போயிருக்கு, கால் போயிருக்கு. உள்ளங்கையில ஒரு கீறல் இல்ல. விழப் போறோம்னு தெரிஞ்ச மனுஷன் முதல்ல கையைத்தான் நீட்டுவான். கள்ளி வேலியில விழுந்தவனுக்குக் கையில முள்ளே குத்தலன்னா, விழுறப்ப அவன் அங்க இல்லைன்னு அர்த்தம்.”

அப்போதுதான் ஷாத்லிக்குப் புரிந்தது, ஜலீலா காலையில் பார்த்துக்கொண்டிருந்தது பாதாமை அல்ல என்று.

“வசந்த காலத்திலேர்ந்தே இருக்கு,” என்றாள் ரவ்தா. “பேசிக்கிட்டே இருப்பான், நின்னுரும். கூப்பிட்டாக் கேக்காது. அப்புறம் விட்ட இடத்திலேர்ந்து பேசுவான். நடந்தது அவனுக்குத் தெரியாது. சொன்னேன். சிரிச்சான். ‘நீ வீட்டுக்கு வந்தாலும் நர்ஸுதானா, என்னையும் நோயாளியாக்கணுமா’ன்னான். டாக்டர்கிட்டச் சொன்னேன், ஒரு மாதிரி வலிப்பா இருக்கலாம், கூட்டிட்டு வாங்கன்னார். வந்தாத்தானே? விபத்தன்னிக்கு இங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. இவன் வேன் வேன்னு கத்தினதுல எல்லாரும் எலும்பைத்தான் பாத்தாங்க.”

“அதனால வண்டியை உடைச்சீங்க.”

“இன்ஷூரன்ஸ் ஆள் வர்றதுக்கு முன்னால. புராவிதான் ஜாக்கியை வச்சு அமுக்கினான். அழுதுக்கிட்டே அமுக்கினான். அவன் கை ஒடிஞ்சு கிடந்தப்போ ராத்திரியெல்லாம் பக்கத்துல இருந்தேன், அந்த நன்றி. மத்த ரெண்டு பேரும் அப்படித்தான்.” அவள் ஜலீலாவின் கையைப் பிடித்தாள். “லல்லா, அவன் உங்களை நம்புறான். வண்டி தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தேறும்னு சொன்னீங்கன்னா கட்டுப் பிரிச்ச மறுநாளே ஏறிடுவான். அடுத்த தடவை அங்க வேலி இருக்காது. யாராவது குழந்தை இருக்கும்.”

ஷாத்லி மனதுக்குள் ஜலீலாவைக் கெஞ்சினான். சொல்லிடு லல்லா. ஒரே ஒரு பொய்.

ஜலீலா கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள்: “எனக்கு வேலை கொடுத்தது உங்க புருஷன். தன்னைச் சுத்தி எல்லாரும் பொய் சொல்றாங்கன்னுதான் என்னைக் கூப்பிட்டார். நாலாவது ஆளா நானும் போய்ச் சொல்லணுமா? கிளம்புங்க, மூணு பேருமா போவோம்.”

அவர்கள் போனபோது லஸாத் பக்கத்தில் சின்ன அடுப்பை வைத்துத் தேநீர் கொதிக்கவிட்டிருந்தான். ரவ்தாவைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“அடடே! என் பொண்டாட்டியையும் பிடிச்சுட்டு வந்துட்டீங்களா? அவளையும் விசாரிச்சாச்சா? உக்காருங்க, உக்காருங்க.” கெண்டியை எடுத்து, நுரை வரும்படி உயரத்திலிருந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்ற ஆரம்பித்தான். “சொல்லுங்க, புராவி என்ன உளறினான்? அவன்கிட்ட நான் அன்னிக்கே–”

பேச்சு நின்றது.

தேநீர் நிற்கவில்லை. தம்ளர் நிறைந்தது, வழிந்தது, தட்டில் ஓடியது, அவன் கட்டைவிரல் மேல் ஆவி பறக்க வழிந்தது. லஸாத் ஷாத்லிக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்கள் திறந்திருந்தன. உள்ளே யாருமில்லை. உதடுகள் மட்டும் எதையோ சப்புவது போல லேசாக அசைந்தன.

ஷாத்லி பாதி எழுந்தான். கத்த வேண்டுமா, பிடித்து உலுக்க வேண்டுமா, தெரியவில்லை. ரவ்தா சத்தமில்லாமல் வந்து கெண்டியை அவன் கையிலிருந்து விடுவித்தாள். அடுப்பைத் தூரத் தள்ளினாள். தோளில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எத்தனை முறை இப்படிக் காத்திருந்திருப்பாள் என்று ஷாத்லி நினைத்தான்.

லஸாத் கண்ணைச் சிமிட்டினான்.

“–சொல்லிட்டேன், என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியும்னு.” குனிந்து தட்டைப் பார்த்தான். பாயெல்லாம் தேநீர். “அட, இந்தப் பூனையைப் பாருங்க! தட்டிவிட்டுட்டு ஓடிருச்சு.”

ஷாத்லி சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். பூனையைப் பற்றி அவனுக்கு நூறு ஜோக் தெரியும். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“பூனை இல்ல, சி லஸாத்,” என்றான்.

“இருந்துச்சே. வெள்ளைப் பூனை. அப்படியே குறுக்கே பாஞ்சு...”

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடியே இருந்தது. மெதுவாகத் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தான். தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது.

“எனக்குச் சுட்டதே தெரியலையே,” என்றான். கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ வேன்?”

அவன் மனைவியைப் பார்த்தான். ரவ்தா இல்லை என்று தலையசைத்தாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

எல்லாவற்றையும் அவளே சொன்னாள். ஜாக்கி, புராவி, மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. லஸாத்தின் முகம் கறுத்தது. தட்டை ஒரு தள்ளு தள்ளினான். பாதாம் ஓடுகள் தரையெல்லாம் சிதறின.

“என் வண்டி மேல கை வைக்க நீ யாருடி? என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன். நீ சிரிச்சே.”

லஸாத் தலையைக் குனிந்துகொண்டான். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ரவ்தா ஈரத் துணியைக் கொண்டுவந்து அவன் விரலைச் சுற்றினாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“லல்லா,” என்றான் கடைசியில். “நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. வண்டியைப் பழுது பாக்கலாமா, வேண்டாமா?”

“வண்டி தேறிடும்,” என்றாள் ஜலீலா. “மோதினதுல முன்பக்கம்தான் போயிருக்கு. புராவி வளைச்சதைப் புராவியே நிமிர்த்திடுவான். நீங்க அதை ஓட்டலாமாங்கிறது வேற கேள்வி. அதுக்குப் பதில் சொல்ற ஆள் நான் இல்ல.”

லஸாத் நீளமாக மூச்சுவிட்டான்.

“நிமிர்த்தச் சொல்லுங்க. பொய்யா முறிச்ச வண்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” ரவ்தாவின் முகம் வெளிறியதைப் பார்த்தான். “பயப்படாதே. நீ ஓட்டு.”

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

“முதுகுத்தண்டை முறிக்கத் தெரியுது, ஓட்டத் தெரியாதா? கத்துக்கோ. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் பின்னால உக்காந்து முட்டையைப் பிடிச்சுக்கிறேன்.”

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உதடு மட்டும் கோணியது. ஊன்றுகோலைத் தேடிக் கை துழாவியது.

“எங்கே கிளம்புறே? நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டச் சொல்லி வைக்கிறேன்,” என்றாள் ரவ்தா.

“நாளைக்குன்னா நான் வேற ஒரு பூனையைக் கண்டுபிடிச்சுருவேன். இப்பவே போவோம்.” ஷாத்லியைப் பார்த்துக் கையை நீட்டினான். “சி ஷாத்லி, கொஞ்சம் தூக்குங்க. கீழ்ப்படி மோசமா இருக்கும்.”

ஷாத்லி குனிந்து, அந்தக் கையைத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.